சந்தில் நிற்கும் சுண்ணாம்பு

என் கணவர் சாம்பமூர்த்தி குருக்களுக்கு அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை வருகிற நாட்களில் கையெல்லாம் சந்தனம் மணக்கும். முறை இல்லாத நாட்களில் அதே கையில் பெயின்ட் கரைக்கிற தின்னர் நாற்றம். துவைக்கிறவள் நான் என்பதால் சொல்கிறேன்: வேஷ்டியில் சந்தனக் கறை ஓர் அலசில் போய்விடும், ராணுவப் பச்சை போகவே போகாது. பஞ்சகச்சத்தின் ஓரத்தில் பச்சைப் பொட்டோடு நின்று தீபாராதனை காட்டுகிற குருக்கள் இந்த ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். பக்தர்கள் அதை வில்வச் சாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

விஷயம் வேறொன்றுமில்லை. அவர் பொம்மை ராணுவ வண்டிகள் செய்து வர்ணம் அடிப்பவர். ஆரம்பித்து வைத்தது ஒரு வெள்ளைக்காரர். கிரிவலப் பாதையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர், ஊருக்குக் கிளம்பும் அன்று அர்ச்சனைத் தட்டில் பூ பழத்தோடு ஓர் அட்டைப் பெட்டியையும் வைத்துக் கொடுத்தார். உள்ளே பாதாம் பருப்பு இருக்கும் என்று நம்பி நான்தான் பிரித்தேன். சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் துண்டுகள் கொட்டின. ஒட்டினால் இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு டாங்கி வருமாம். "தட்டுல வந்ததைத் தள்ளப்படாது" என்று சொல்லிக்கொண்டு ஒட்ட உட்கார்ந்தவர்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை.

சண்டை பிடிக்கும் என்பதற்காக அவர் இதைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் குழாயடியில் சத்தம் வந்தாலே ஜன்னலைச் சாத்திவிடுகிற மனிதர் அவர். அவருக்குப் பைத்தியம் வர்ணத்தின் மேல்தான். எந்த தேசத்துக்காரன் எந்தப் போரில் வண்டிக்கு என்ன நிறம் அடித்து மறைத்தான் என்பதைச் சொல்ல ஆரம்பித்தால் ரசம் ஆறிப்போகும். ஆப்பிரிக்க மணலில் ஓடிய வண்டிகளுக்கு வெள்ளைக்காரன் சாய்வுசாய்வாகப் பட்டை அடித்தான், ஜெர்மன்காரன் மணல் மஞ்சளின் மேல் பச்சையும் செங்கல் நிறமும் தெளித்தான், ரஷ்யாக்காரன் பனிக்காலம் வந்ததும் வண்டி முழுக்கச் சுண்ணாம்பு அடித்து வெயில் வந்ததும் கழுவிவிட்டான் என்று இப்படிப் போகும். நான் 'ம்' கொட்டிக்கொண்டே அப்பளம் பொரிப்பேன்.

"கண்ணு ஒரு பொருளைக் கண்டுபிடிக்கறது ஓரத்தை வெச்சுதான், காமு" என்பார். "கதவோட ஓரம், கூரையோட ஓரம், இதெல்லாம் நேர்கோடு. காட்டுலயும் மணல்லயும் நேர்கோடே கிடையாது. அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு பச்சைத் திட்டைப் போட்டு உடைச்சுட்டா வண்டி இருக்கறதே தெரியாது."

"கோயில்ல இருட்டுல இருக்கற சுவாமியை எல்லாருக்கும் தெரியப் பண்றேள். ஆத்துல கண்ணுக்கு எதிர்ல இருக்கறதைத் தெரியாமப் பண்றேள். என்ன பிழைப்போ" என்பேன்.

"ரெண்டும் காப்புதான். சந்தனக் காப்பு, விபூதிக் காப்பு மாதிரி இது பெயின்ட் காப்பு." அங்கே அலங்காரம், இங்கே அலங்கோலம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கோபம் வராமல் இல்லை. என் வெள்ளிக் கிண்ணத்தில் ஒரு தரம் பெயின்ட் கலக்கினார். கிரிவலப் பாதையிலிருந்து செம்மண் அள்ளி வந்து, என் மாவுச் சல்லடையில் சலித்து, டாங்கிக்குப் புழுதி ஏற்றினார். நவராத்திரிக் கொலுவில் தசாவதாரத்துக்குக் கீழே பாலைவனம் அமைத்தார். சுண்டல் வாங்க வந்த ஒரு மாமி, "பாலைவனம் இருக்கு, டாங்கி வெச்சிருக்கார்னாளே, எங்கே காணோம்?" என்று கேட்டுவிட்டாள். டாங்கி அவள் மூக்குக்கு நேராக இருந்தது. அன்று முழுவதும் இவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

நாங்கள் இருப்பது வேங்கிக்காலில். சன்னதிக்குப் பக்கத்தில் இருந்த பழைய வீடு பாகப்பிரிவினையில் போனதும் இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மாடியில் குடியிருப்பவள் ரேணுகாம்பாள். கலெக்டர் ஆபீசில் தபால் பிரிவில் வேலை. கணவர் அர்ஜுனன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கிறார். பயிர் நேரத்தில் அங்கேயே தங்கிவிடுவார். ஒரே பிள்ளை மாறன், ராணுவத்தில் டிரைவர். எட்டுச் சக்கரம் வைத்த பெரிய லாரி ஓட்டுகிறான். ராஜஸ்தான் பக்கம் என்பதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது.

பங்குனி மாதம் ஹோலிப் பண்டிகைக்கு மாறன் ஒரு படம் அனுப்பியிருந்தான். முகமெல்லாம் ரோஜா நிறப் பொடி. லாரிக் கதவில் சாய்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். ரேணுகாம்பாள் பிள்ளையைக் காட்டத்தான் படத்தைக் கொண்டுவந்தாள். இவர் பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

"ஆஹா, மணல் நிறத்து மேல பச்சை. கதவு ஓரத்தை எப்படி உடைச்சிருக்கான் பாரு" என்றார்.

"எம் புள்ள இளைச்சிப் பூட்டான், அதப் பாருங்க சாமி" என்றாள் அவள்.

அந்தப் படத்தை வைத்து, அட்டையில் அந்த லாரியைச் செய்தார். பச்சைத் திட்டு ஒன்று பாக்கியில்லாமல் அப்படியே வரைந்தார். கதவின் மேல் மாங்காய் மாதிரி ஒரு திட்டு உண்டு. அதன் வால் சரியாக வரவில்லை என்று அழித்து அழித்து எழுதினார். முடித்து ரேணுகாம்பாளிடம் கொடுத்தார். மறுநாள் மாடிக்குப் போய்ப் பார்த்தால் லாரி பூஜை அலமாரியில் இருந்தது. நெற்றியில் மூன்று விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், நான்கு பக்கமும் சந்தனப் பொட்டு.

"மறைக்கறதுக்குத்தானேம்மா வர்ணம் அடிச்சேன்" என்று இவர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"எதிரிக்கு மறையட்டும். சாமி கண்ணுக்குத் தெரியணும் இல்ல?" என்றாள் ரேணுகாம்பாள்.

சித்திரை மாதக் கடைசியில் எல்லையில் சண்டை மூண்டது. இங்கே ஊருக்குள் சித்ரா பௌர்ணமிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாமலையார் பெயரைச் சொல்லி மோர் கொடுக்கிறவர்கள் பானை கழுவிக்கொண்டிருந்தார்கள். டிவியைப் போட்டால் அங்கே சைரன். 'போனை ஆஃப் பண்ணி வைக்கச் சொல்லிட்டாங்கம்மா, பயப்படாத' என்று மாறனிடமிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்தது. பயப்படாதே என்று சொன்னால் எந்தத் தாய் பயப்படாமல் இருந்திருக்கிறாள்?

ரேணுகாம்பாள் ஆபீசுக்குப் போனாள், வந்தாள், மாடிப்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது கேட்டால், "இன்னும் இல்ல மாமி" என்று மட்டும் சொல்வாள். கணவரிடம் எதையும் சொல்லவில்லை. "அவருக்கு பிரஷர் ஜாஸ்தி. மல்லாட்டக் கொல்லையிலயே வுழுந்துடுவாரு" என்றாள்.

ஒரு நாள் உச்சிக்காலப் பூஜை முடிந்து நடை சாத்தியதும் இவர் வீட்டுக்கு வந்தார். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். ரேணுகாம்பாள் ஆபீசிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாள்; எப்போதும் வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறவள்.

"சாமி, இதப் பாருங்க. ஊர் குரூப்ல வந்துது. இன்னா வண்டின்னு நீங்கதான் சொல்லணும்."

போனில் ஒரு சிறிய வீடியோ. மணல் தரையில் எட்டுச் சக்கர லாரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. முன் கண்ணாடிப் பக்கம் நெருப்பு. யாரோ நடந்துகொண்டே எடுத்ததில் கதவும் படியும் பின் சக்கரங்களும் ஆடி ஆடித் தெரிந்தன. 'ராஜஸ்தான் எல்லையில் நமது ராணுவ லாரி தாக்கப்பட்டது, வீரர்களுக்கு அஞ்சலி' என்று கீழே எழுதியிருந்தது.

இவர் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். வழக்கமாக ஒரு வண்டியைக் காட்டினால் எந்த வருஷம், எந்தப் படை, எந்தப் பச்சை என்று அருவி மாதிரி கொட்டுகிற மனிதர் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"புகையா இருக்கும்மா. சரியாத் தெரியலை. எனக்கு அனுப்பி வையுங்கோ, பாத்துச் சொல்றேன்" என்றார்.

"எம் புள்ளையோட வண்டி மாதிரி இருக்குதா?"

"இந்தக் கம்பெனி லாரி நிறைய தேசத்துல ஓடறது. அவசரப்படாதீங்கோ."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் தனியாக இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்கே திரும்பிப் போனாள். கொண்டு போன சாப்பாட்டு டப்பாவை அவள் திறந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ஊரில் இருக்கிற லாரியை எல்லாம் மறைக்கத் தெரிந்தவருக்குத் தன் முகத்தை மறைக்கத் தெரியாது. அவள் படி இறங்கியதும், "என்னன்னா? சொல்லுங்கோ" என்றேன்.

"மாங்காய்த் திட்டு இருக்கு, காமு. கதவு மேல, அதே இடத்துல."

மாடிச் சாவி எங்களிடம் ஒன்று உண்டு. போய் அந்த அட்டை லாரியை எடுத்து வந்தார். மாறனின் ஹோலிப் படத்தை என் போனில் வைத்தார், வீடியோவைத் தன் போனில் நிறுத்தினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். கதவின் குறுக்கே ஓரத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்குகிற பச்சை. புகையில் வால் எப்படிப் போகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆனால் திட்டு அங்கேதான் இருந்தது.

"அவனோட வண்டிதான்னு தோணறது" என்றார். "எப்படிம்மா போய் அவகிட்ட சொல்றது?" பதற்றத்தில் என்னையும் அம்மா என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். என் சுபாவம் அப்படி. சாயங்காலம் நடை திறக்க வேண்டும், வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழுந்தால் அதையும் நான்தான் பார்க்க வேண்டும் என்று கத்தினேன். "பசிக்கலை" என்றார். "பசிக்கலைன்னா ரெண்டு பிடி மோர் சாதமாவது உள்ளே போகட்டும். போய்க் கையை அலம்பிண்டு வாங்கோ" என்று விரட்டினேன்.

அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இலையில் கை வைக்கப் போனார். காலையில் பிள்ளையார் சன்னதியில் விபூதிக் காப்புச் சாத்தியிருந்தார்கள். அந்த வேலை இவர் கைக்குத்தான் வந்திருந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

"இதான் அலம்பின லட்சணமா? நகத்து இடுக்குல விபூதி அப்படியே நிக்கறது பாருங்கோ" என்றேன்.

"அது போகாது காமு. மேல இருக்கறது தண்ணி விட்டா போயிடும். சந்துல இருக்கறது போகவே போகாது. பிள்ளையாருக்கே காது மடல்லயும் தும்பிக்கை வளைவிலயும் மறுநாள்கூட…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். தன் நகத்தையே பார்த்தார். பிறகு இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனை எடுத்தார்.

கண்டுபிடித்தது அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நகத்தைப் பார்க்கச் சொன்னது யார் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"இங்கே வா. கதவு மேல பாக்காதே. கீல் இருக்கு பாரு, அதுக்கு அடியில. அப்புறம் படிக்குப் பின்னால, சக்கரத்து போல்ட்டைச் சுத்தி."

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கீலுக்குக் கீழே வெள்ளையாக ஒரு தீற்றல். போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளை வளையம்.

"சாம்பல்னா. வண்டி எரியறதே" என்றேன்.

"சாம்பல் மேலேர்ந்து விழும். மேல் பக்கம் படியும். இது அடிப்பக்கத்துல இருக்கு. பிரஷ் கோடு தெரியறது பாரு. சாம்பலையும் சுண்ணாம்பையும் பிரிச்சுச் சொல்லத் தெரியலைன்னா நான் என்னத்துக்குக் குருக்கள்? இது சுண்ணாம்பு, காமு. பனிக்காலத்துல வண்டி பூரா சுண்ணாம்பு அடிச்சு, வெயில் வந்ததும் கழுவியிருக்கான். சந்துல நின்னுடுத்து."

சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். பஞ்சகச்சத்தின் மேல் சட்டை, அதுவும் தப்புத் தப்பாகப் பொத்தான் போட்டு. ஸ்கூட்டரை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். இலையில் மோர் சாதம் அப்படியே இருந்தது. திரும்பி வந்தபோது காக்கை கூடத்துக்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது.

கலெக்டர் ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தபால் பிரிவு வாசலில் இவர் நின்றதைப் பார்த்ததும் ரேணுகாம்பாள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கெட்ட செய்தி சொல்ல நேரில் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். பாவம், வேறு எப்படி நினைப்பாள்?

"உங்க பிள்ளை வண்டி இல்லைம்மா" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

வராந்தாவில் நின்று வெள்ளையைக் காட்டினார். அவள் உடனே நம்பிவிடவில்லை. அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது.

"நம்ம வண்டிங்களுந்தான் காஷ்மீரு, லடாக்குனு பனியில போவுது. அங்க அடிச்சிருந்தா?"

இவர் மாறனின் ஹோலிப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினார். சிரிக்கிற பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் அதே கீல். அதற்கு அடியில் மணல் புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. படியில் இல்லை, போல்ட்டில் இல்லை.

"இது பங்குனியில எடுத்தது. பங்குனியில இல்லாத சுண்ணாம்பு சித்திரையில எங்கேர்ந்து வரும்? இந்த வெயில்ல ராஜஸ்தான்ல பனி கொட்டித்தா?"

அவள் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

"பொங்கலுக்கு நாங்க வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். ஒரு தபா கதவுல பட்டுட்டா தேச்சித் தேச்சிப் பாத்தாலும் கீல் சந்துல போவாது. வருசம் பூரா இருக்கும்" என்றாள். அவர் சொன்னதை அவளே தனக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டாள். பிறகுதான் கேட்டாள், "அப்ப அந்தப் பச்சத் திட்டு? அதே எடத்துல இருக்குதே. அதப் பாத்துதான எனக்குக் கையி காலு ஓடல."

இவருக்கு வெட்கமாகிவிட்டது. "எனக்கும்தான் ஓடலை. யோசிச்சிருக்கணும். கதவு ஓரம் நேர்கோடு. அதை உடைக்க எல்லா தேசத்துக்காரனும் அங்கேதான் ஒரு திட்டுப் போடுவான். நானே ஊருக்கெல்லாம் சொல்லுவேன். நேரத்துக்கு மறந்து போச்சு."

"இது எந்த ஊரு சண்ட அப்ப?"

"பனி கொட்டற ஏதோ ஒரு தேசம். எப்ப எடுத்ததோ. யாரோ எடுத்து நம்மூர் பேரை ஒட்டி விட்டிருக்கான்."

அவள் வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "வயித்துல பால வாத்தீங்க சாமி" என்றாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்த மாதிரி ஒரு நிம்மதியை நான் என் சொந்தப் பிரசவங்களில்கூட உணர்ந்ததில்லை. பிறகு அவள் டப்பாவைத் திறந்தாள். புளிச் சாதம். மூன்று பேரும் அங்கேயே பகிர்ந்து சாப்பிட்டோம். வெளியில் எதுவும் வாயில் வைக்காத குருக்கள், வேஷ்டி மண்ணில் புரள உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.

மாறன் எங்கே இருக்கிறான் என்பது அப்போதும் தெரியாது. அந்த லாரி அவனுடையது இல்லை என்பது மட்டும்தான் தெரியும். அதுவே போதுமாக இருந்தது, அன்றைக்கு.

சண்டை நின்றதாக டிவியில் சொன்னதற்கு மறுநாள் காலை மாடியிலிருந்து பெரிய சத்தம் வந்தது. போன் வந்துவிட்டது. ரேணுகாம்பாள் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டைக் கேட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு அம்பாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழே இறங்கி வந்து போனை ஸ்பீக்கரில் போட்டு இவரிடம் நீட்டினாள்.

"சாமி, எங்கம்மாவ நீங்கதான் காப்பாத்தினீங்களாம். கதவுத் திட்டெல்லாம் வெச்சிக் கண்டுபிடிச்சீங்களாம்" என்றான் மாறன். சிரித்தான். "நீங்க நேர்ல வந்திருந்தாகூட எங்க வண்டியக் கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க. மொத நாளே வண்டி பூரா சேத்தக் கொழச்சிப் பூசிட்டோம். பச்சையும் இல்ல, திட்டும் இல்ல."

இவர் முகம் சுருங்கியதைப் பார்க்க வேண்டுமே. பச்சைத் திட்டு கண்ணில் பட்டபோதே அது மாறன் வண்டி இல்லை என்று ஆகியிருக்கிறது. இவர் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு போல்ட்டைத் தேடியிருக்கிறார். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரித்தார். "சேறா? என்ன நிறத்துச் சேறு?" என்று மாறனைக் கேட்கத் தொடங்கியதும் ரேணுகாம்பாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

சித்ரா பௌர்ணமிக் கூட்டம் வந்து, மலையைச் சுற்றி, வடிந்தது. ஊர் மூச்சு விட ஆரம்பித்த பிறகு ஒரு காலை ரேணுகாம்பாளும் நானும் கோயிலுக்குப் போனோம். இவருக்கு அன்று உண்ணாமுலை அம்மன் சன்னதியில் முறை. வரிசையும் அதிகம் இல்லை. ரேணுகாம்பாள் புதுப் புடவை கட்டியிருந்தாள், தலை நிறையப் பூ. பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித் தட்டைக் கொடுத்தாள்.

"ரோகிணி நக்ஷத்ரே, ரிஷப ராசௌ ஜாதஸ்ய, மாறன் நாமதேயஸ்ய" என்று இவர் கணீரென்று சங்கல்பம் சொன்னார். பாதிப் பிராகாரத்துக்குக் கேட்டிருக்கும். அர்ச்சனை முடிந்தது, தேங்காய் மூடி திரும்பி வந்தது. அவள் நகரவில்லை. பையிலிருந்து இன்னொரு தேங்காயும் பூவும் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இன்னொரு அர்ச்சன சாமி."

"யார் பேருக்கு? உங்க ஆத்துக்காரருக்கா?"

"இல்லீங்க. அந்த லாரிய ஓட்டுன புள்ளைக்கு."

இவர் தட்டை வாங்கின கையோடு நின்றார்.

"அது எந்த தேசமோ. இருக்கானோ இல்லையோ, நமக்குத் தெரியாதேம்மா" என்று தணிந்த குரலில் சொன்னார். "அர்ச்சனை உசிரோட இருக்கறவாளுக்குத்தான் பண்றது."

"இருப்பான் சாமி. குதிச்சிருப்பான். வண்டி பத்திக்கிச்சின்னா மொதல்ல குதின்னுதான் எம் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தாங்களாம். அவனுக்கும் யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க இல்ல?"

எங்கள் வீட்டில் அந்த வீடியோவை எத்தனையோ தரம் பார்த்துவிட்டோம். கதவைப் பார்த்தோம், கீலைப் பார்த்தோம், போல்ட்டைப் பார்த்தோம். உள்ளே ஒருவன் இருந்திருப்பான் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. நம் பிள்ளை இல்லை என்றதும் புளிச் சாதம் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

பெயர் தெரியாதபோது சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்துவிடுவது கோயில் வழக்கம். அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "சாரதின்னு வெச்சுக்கறேன்" என்றார். தேரானாலும் லாரியானாலும் ஓட்டுகிறவன் சாரதிதானே. பிறகு வாய்ப் பழக்கத்தில், "நட்சத்திரம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எம் புள்ளையோடதையே போட்டுக்குங்க" என்றாள் ரேணுகாம்பாள்.

"ரோகிணி நக்ஷத்ரே, ரிஷப ராசௌ ஜாதஸ்ய" என்று அவர் மறுபடியும் ஆரம்பித்தார்.